கம்பிக்கு வெளியே போட்ட முதலீடு

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள பீட்டர்பரோ நகரச் சிறை 2005-ல் திறக்கப்பட்டது. அடுமனைகளுக்கு இயந்திரம் செய்துவந்த பேக்கர் பெர்கின்ஸ் தொழிற்சாலை இருந்த இடம் அது. சிறையை நடத்துவது தனியார் நிறுவனம். 2010 செப்டம்பரில் அங்கிருந்து விடுதலையாகிறவர்களை நம்பி 17 முதலீட்டாளர்கள் 50 லட்சம் பவுண்டு போட்டார்கள். விடுதலையானவர்கள் மறுபடி குற்றம் செய்து தண்டனை பெறுவது குறிப்பிட்ட அளவு குறைந்தால் முதலையும் லாபத்தையும் அரசு தரும். குறையாவிட்டால் போட்ட பணம் போனதுதான். ‘சமூக விளைவுப் பத்திரம்’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு உலகில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது அங்கேதான்.

பத்திரம் என்பது சற்றே ஏமாற்றும் பெயர். அரசுக் கடன் பத்திரம் வாங்குகிறவருக்கு வட்டி இவ்வளவு என்று முதலிலேயே தெரியும், முதலும் பத்திரம். இதில் இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. குணத்தில் இது பங்கு முதலீட்டுக்குத்தான் நெருக்கம். அதுவும் லாபத்துக்கு உச்சவரம்பு கட்டிய பங்கு. நன்கொடை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் கடைத்தெரு வணிகர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் காசு போட்டு, போலீஸ் கேட்ட இடங்களில் கண்காணிப்பு கேமரா மாட்டிக்கொடுத்தார்கள். குற்றத் தடுப்பில் அதுவும் தனியார் பணம்தான். ஆனால் கேமரா மாட்டியதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. திருட்டு குறைந்ததா என்று எண்ணிப் பார்த்து யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. பீட்டர்பரோவில் கணக்கு தொடங்கியதே அந்த இடத்தில்தான்.

46 பவுண்டும் ஒரு பிளாஸ்டிக் பையும்

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்கள் அப்போது ஆண்டுக்கு 60,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு 12 மாதத்துக்கும் குறைவான சிறைத் தண்டனை விதித்துக்கொண்டிருந்தன. கடையில் திருடியவர், குடித்துவிட்டு அடிதடியில் இறங்கியவர் என்று சில்லறைக் குற்றங்களில் சிக்கியவர்களே இதில் அதிகம். தண்டனைக் காலத்தில் பாதி முடிந்ததும் விடுதலை என்பதால், பலர் உள்ளே இருப்பது சில வாரங்கள்தான். தேசியத் தணிக்கை அலுவலகம் 2010-ல் இவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சராசரியாக ஒவ்வொருவரும் ஏற்கெனவே 16 முறை தண்டிக்கப்பட்டவர். வெளியே வந்த ஓராண்டுக்குள் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் மீண்டும் தண்டனை பெற்றார்கள். இவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் குற்றங்களால் நாட்டுக்கு ஆண்டுக்கு 700 கோடி முதல் 1,000 கோடி பவுண்டு வரை இழப்பு என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. பழைய குருடி கதவைத் திறடி என்கிற கதை.

ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர் வெளியே வந்தால் அவரைக் கவனிக்க நன்னடத்தை அலுவலர் ஒருவர் இருந்தார். ஓராண்டுக்குக் குறைந்த தண்டனைக்காரருக்கு அப்படி யாரும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் சின்னக் குற்றவாளி. அவருக்கு எதற்குக் கண்காணிப்பு? காலையில் கதவு திறக்கும். கையில் சிறைத்துறை கொடுத்த பிளாஸ்டிக் பை, அதில் உள்ளே போகும்போது போட்டிருந்த துணிமணி. விடுதலை உதவித்தொகை என்று 46 பவுண்டு. 1990-களில் நிர்ணயித்த அந்தத் தொகை, விலைவாசி எங்கேயோ போன பிறகும் அப்படியே நின்றது. அரசு உதவிப்பணம் விண்ணப்பித்துக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை யானைப் பசிக்கு அந்தச் சோளப்பொரிதான். வெளியே வருவது வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கஷ்டம். பேருந்து பிடித்து நகர மன்றத்தின் வீட்டுவசதிப் பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலையாகிவிடும். அடுத்து அலுவலகம் திறப்பது திங்கள்கிழமை. நடுவில் இருக்கிற மூன்று இரவுகளில், பழைய சிநேகிதர்களின் வீட்டுத் திண்ணை மட்டும்தான் திறந்திருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்க ஆகும் செலவு பெரிதல்ல என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் யாரும் அடைக்கவில்லை. காரணம் மனமின்மை மட்டும் இல்லை. ஒருவர் குற்றம் செய்யாமல் இருந்தால் மிச்சம் போலீசுக்கு, நீதிமன்றத்துக்கு, சிறைத்துறைக்கு. அவரைக் குற்றம் செய்யாமல் வைத்திருக்கத் தேவையான வீட்டுக்கான செலவு நகர மன்றத்தின் தலையில். போதை மீட்புச் செலவு சுகாதாரத் துறையின் தலையில். செலவழிக்கிற பை ஒன்று, நிரம்புகிற பை வேறொன்று. போதாததற்கு, தடுப்பு வேலையின் பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். துறைகளின் பட்ஜெட்டோ மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும். சிறைவாசிகளுக்குப் பணம் ஒதுக்கி, அவர்களில் ஒருவர் மறுபடி திருடினால் மறுநாள் பத்திரிகை யார் படத்தைப் போடும் என்பதும் அமைச்சர்களுக்குத் தெரியும்.

யோசனை வந்த வழி

இலக்கு நிறைவேறினால் மட்டுமே பணம் கிடைக்கும் பத்திரங்களை அரசு வெளியிடலாம் என்று நியூசிலாந்துப் பொருளியலாளர் ரோனி ஹோரேஷ் 1988-லேயே எழுதினார். அவர் நினைத்தது சந்தையில் கைமாறும் பத்திரம். அது ஏட்டோடு நின்றது. லண்டனில் 2007-ல் தொடங்கிய ‘சோஷியல் ஃபைனான்ஸ்’ என்ற அமைப்பு அதை வேறு உருவில் கையில் எடுத்தது. அதை நிறுவியவர்களில் முக்கியமானவர் சர் ரொனால்ட் கோஹன். எகிப்தில் பிறந்து, சிறுவயதில் பிரிட்டனுக்கு வந்து, தொழில் முதலீட்டில் பெரும் பணம் ஈட்டியவர். வளரும் கம்பெனியில் துணிந்து பணம் போடுகிறவன் லாபத்தைப் பங்கு கேட்கிறான்; சமூக வேலையிலும் அப்படி ஒருவனை ஏன் கொண்டுவர முடியாது என்பது அவர் தரப்பின் கேள்வி.

2010 மார்ச்சில் தொழிற்கட்சி அரசின் நீதி அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். மே மாதம் ஆட்சி மாறியது. செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது அமைச்சராக இருந்தவர் கன்சர்வேடிவ் கட்சியின் கென்னத் கிளார்க். புதிய ஆட்சி பழைய ஆட்சியின் திட்டத்தைத் தூக்கி எறியாமல் தனதாக்கிக்கொள்வது எந்த நாட்டிலும் அபூர்வம். தொழிற்கட்சிக்குக் குற்றத் தடுப்பில் அக்கறை. வந்த கூட்டணி அரசுக்கோ கஜானா காலி. இன்று ஒரு பைசா கொடுக்காமல், வேலை பலித்தால் நாளை கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு அதற்குப் பிடித்துப்போனது. ஆளுக்கொரு காரணம், ஒரே கையெழுத்து.

ஒப்பந்தத்தின் அமைப்பு இதுதான். பீட்டர்பரோவிலிருந்து விடுதலையாகும், 12 மாதத்துக்குக் குறைந்த தண்டனை பெற்ற ஆண்கள் 3,000 பேர். ஆயிரம் ஆயிரமாக மூன்று அணிகள். ஓர் அணியில் மறுதண்டனைகள் 10 சதவீதம் குறைந்தால் உடனே பணம். தனித்தனியே 10 எட்டாவிட்டாலும் எல்லா அணிகளையும் சேர்த்துப் பார்க்கையில் 7.5 சதவீதம் குறைந்திருந்தால் கடைசியில் பணம். இரண்டு அளவுகோல் வைத்ததில் சூட்சுமம் உண்டு. ஆயிரம் பேரில் ஏற்படும் சின்ன இறக்கம் தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம். ஆட்களின் எண்ணிக்கை கூடக்கூட, சிறிய மாற்றத்தையும் நம்பலாம். முதலீட்டாளர்களின் லாபத்துக்கு ஆண்டுக்கு 13 சதவீதம் உச்சவரம்பு. நீதி அமைச்சகமும் பிக் லாட்டரி நிதியமும் சேர்ந்து அதிகபட்சமாகக் கொடுக்க வேண்டியது 80 லட்சம் பவுண்டு.

ஒப்பந்தத்தில் இருந்த மிக நல்ல விதி, பணத்தைப் பற்றியது அல்ல. திட்டத்தின் உதவியை ஏற்றுக்கொள்வது கைதியின் விருப்பம். ஆனால் எண்ணிக்கையில், உதவியை ஏற்றவர் ஏற்காதவர் எல்லாரும் சேர்வார்கள். திருந்துவதற்குத் தயாராக இருக்கிற பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்து அவர்களோடு மட்டும் வேலை செய்து வெற்றி காட்டுவது இந்த மாதிரித் திட்டங்களில் பழைய தந்திரம். இங்கே அதற்கு வழியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு “வேண்டாம், போ” என்கிறவன்தான் கணக்கைக் கெடுக்கக் கூடியவன்; ஆகவே அவன் வீட்டுக்குத்தான் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போக வேண்டியிருந்தது.

அதேபோல், திருந்தினானா இல்லையா என்று ஆளுக்கு ஒரு கோடு போடாமல், ஓராண்டில் எத்தனை முறை மறுதண்டனை பெற்றான் என்று எண்ணினார்கள். ஆண்டுக்கு ஆறு முறை பிடிபடுகிறவன் இரண்டு முறை பிடிபட்டால், ஆம்-இல்லை கணக்கில் அவன் தோல்வி. எண்ணிக்கைக் கணக்கில் நான்கு குற்றங்கள் குறைந்திருக்கின்றன, நான்கு கடைக்காரர்கள் தப்பித்திருக்கிறார்கள். ஒரு தடவை சறுக்கியவனைக் கைகழுவிவிட்டு அடுத்தவனிடம் போகும் எண்ணமும் இதனால் எழாது.

வாசலில் நின்றவர்கள்

வேலையைச் செய்ய ‘ஒன் சர்வீஸ்’ என்ற பெயரில் பல அமைப்புகள் சேர்ந்தன. விடுதலையாகிறவர்களுக்கு வீடு, பணம், வேலை தேடிக்கொடுக்கும் முதன்மைப் பொறுப்பு செயின்ட் கைல்ஸ் டிரஸ்ட்டுக்கு. சிறையில் இருந்தவர்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து வேலைக்கு வைப்பது அந்த அமைப்பின் பழக்கம். கைதிகளின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கவனிக்க ஆர்மிஸ்டன் அறக்கட்டளை; தொண்டர்களைச் சேர்த்துப் பழக்க சோவா; கட்டட வேலைப் பயிற்சிக்கு ஜான் லெயிங் டிரெய்னிங்; ஒய்எம்சிஏவும் வந்தது. வேலை தொடங்கிய பிறகுதான், வெளியே வருகிறவர்களில் பலருக்கு மனப்பதற்றமும் மனச்சோர்வும் இருப்பதும், மருத்துவமனை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவை முற்றாததால் யாரும் கவனிக்காமல் விட்டதும் தெரிந்தது. உடனே ‘மைண்ட்’ என்ற மனநல அமைப்பின் உள்ளூர்க் கிளை சேர்க்கப்பட்டது.

அந்த ‘உடனே’தான் முக்கியம். அரசு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம், ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்த பட்டியல்படி நடக்க வேண்டும்: இத்தனை வகுப்பு, இத்தனை ஆலோசனை அமர்வு. வகுப்பு நடந்ததற்குக் கையெழுத்து இருந்தால் பணம். வகுப்பால் பயன் உண்டா என்பது வேறு கதை. பீட்டர்பரோவில் பணம் போட்டவர்களுக்கு வகுப்பின் எண்ணிக்கையில் அக்கறை இல்லை. ஆள் திரும்பி உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே ஒன்று சரிப்படவில்லை என்றால் மாற்றுவதற்குக் கோப்பு நகர வேண்டியதில்லை. விடுதலை நாளன்று சிறை வாசலில் ஒருவர் காத்திருப்பார். கதவிலிருந்து நேராக வீட்டுவசதி அலுவலகத்துக்கோ, போதை மீட்பு மருந்து தரும் இடத்துக்கோ கூடவே போவார். படிவம் நிரப்பிக்கொடுப்பார். இந்த ஆளை உள்ளே இருக்கும்போதே கைதி சந்தித்திருப்பார் என்பதால் வாசலில் நிற்பது அந்நியர் இல்லை. வேலை இவ்வளவு எளிமையானது. இதில் நிதி நிபுணர்கள் கண்டுபிடித்தது எதுவும் கிடையாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு யாரும் நிறுத்தாமல் விட்டார்கள் என்பதே பத்திரம் செய்த காரியம்.

155-ம் 142-ம்

முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று ஒப்பிடுவது குற்றக் கணக்கில் ஆபத்தான வழி. போலீஸ் கெடுபிடி கூடினால் தண்டனைகள் ஏறும். நீதிமன்றம் மென்மையானால் இறங்கும். அதனால் தேசியப் போலீஸ் கணினிப் பதிவேட்டை எடுத்து, பீட்டர்பரோ கைதி ஒவ்வொருவருக்கும் வயது, குற்றப் பின்னணி, முந்தைய தண்டனைகள் ஆகியவற்றில் ஒத்துப்போகும் பத்துப் பேர் வரை வேறு சிறைகளிலிருந்து விடுதலையானவர்களிடையே தேடினார்கள். முதல் அணிக்கு லெஸ்டர் பல்கலைக்கழகமும் கினெடிக் நிறுவனமும் சுயேச்சையாக இந்தக் கணக்கைப் போட்டன.

2014 ஆகஸ்டில் முதல் அணியின் முடிவு வந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 100 பேருக்கு 155 மறுதண்டனைகள், பீட்டர்பரோவில் 142. குறைவு 8.4 சதவீதம். 10 எட்டவில்லை, ஆகவே அப்போது பணம் இல்லை, 7.5-ஐத் தாண்டும் பாதையில்தான் போகிறது என்ற ஆறுதல் மட்டும். 2017 ஜூலையில் இரண்டாம் அணியின் முடிவு: 9.7 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 9. முதலீட்டாளர்களுக்கு முதல் திரும்பியது, கூடவே ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமான லாபம். ஏழாண்டு காத்திருந்ததற்கு அது பெரிய லாபம் இல்லை. ஆனாலும் உலகெங்கும் பத்திரிகைகள் வெற்றி என்று எழுதின. வெற்றிதான். அதோடு, 100 பேருக்கு 142 மறுதண்டனை என்ற எண் எவ்வளவு பெரியது என்பதையும் மறக்கக் கூடாது. 13 குறைந்தது, 142 மிச்சமிருந்தது.

மூன்றாம் அணி என்ன ஆனது? அது இல்லாமலே போனது; நிறுத்தியது அரசு. கிளார்க்குக்குப் பின் நீதி அமைச்சரான கிறிஸ் கிரேலிங், நன்னடத்தைச் சேவை முழுவதையும் மாற்றும் திட்டம் ஒன்றை 2013-ல் அறிவித்தார். ஓராண்டுக்குக் குறைந்த தண்டனைக்காரர்களுக்கும் இனி கட்டாயக் கண்காணிப்பு என்று 2014-ல் சட்டம் வந்து, 2015 பிப்ரவரியில் நடைமுறையானது. எல்லா ஊரிலும் கண்காணிப்பு வந்துவிட்டால் பீட்டர்பரோவை ஒப்பிடுவதற்கு ஆளில்லை. சோதனையின் வேலை, ஓட்டை இருப்பதைக் காட்டுவது. காட்டிவிட்டது, அரசு அடைக்கிறது என்று இதைப் பார்க்கலாம். அடைத்த விதம்தான் விபரீதம்.

இங்கிலாந்தையும் வேல்ஸையும் 21 வட்டாரங்களாகப் பிரித்து, ஆபத்து குறைந்த குற்றவாளிகளைக் கவனிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். பலனுக்கேற்பப் பணம் என்ற வாசகம் இதிலும் இருந்தது. பீட்டர்பரோவிலிருந்து எடுத்துக்கொண்டது அந்த வாசகத்தை மட்டும்தான். பொறுமையான முதலீடு இல்லை, வாசலில் நிற்கும் ஆள் இல்லை. ஆட்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததற்கு மாறாக வந்ததும் நிறுவனங்களின் வருமானம் சரிந்தது; செலவைக் குறைக்க ஊழியர்களைக் குறைத்தார்கள். ஒருவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுவதே கண்காணிப்பு என்று ஆன இடங்களை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2019-ல் தேசியத் தணிக்கை அலுவலகம் கொடுத்த கணக்கு, எப்படி எண்ணுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நல்ல சாட்சி. 2011-க்கும் 2017-க்கும் இடையே மறுபடி குற்றம் செய்தவர்களின் விகிதம் 2.5 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. ஆனால் மறுபடி குற்றம் செய்தவர் ஒவ்வொருவரும் சராசரியாகச் செய்த குற்றங்கள் 22 சதவீதம் கூடியிருந்தன. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் முன்னேற்றம் என்று மாலை போடலாம். ஒப்பந்தங்களில் முதலில் ஒத்துக்கொண்டதைவிடக் குறைந்தது 46.7 கோடி பவுண்டு கூடுதலாக அரசு கொடுக்க நேர்ந்தது. அந்த ஆண்டே நன்னடத்தைச் சேவையின் தலைமை ஆய்வாளர் கிளெனிஸ் ஸ்டேசி, இந்த ஏற்பாட்டைச் செப்பனிட முடியாது, அடிப்படையே கோணல் என்று எழுதினார். 2021 ஜூனில் நன்னடத்தைச் சேவை மறுபடி அரசின் கைக்கு வந்தது.

நதிநடுத் தீவில் நடந்த சோதனை

அமெரிக்காவில் இந்த வகைப் பத்திரம் முதலில் போனதும் சிறைக்குத்தான். நியூயார்க்கில் குவீன்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளுக்கு நடுவே, ஈஸ்ட் நதியில் உள்ள ரைக்கர்ஸ் தீவு நகரத்தின் பெரிய சிறை வளாகம். அப்போது நியூயார்க் மாநிலத்தில் 16, 17 வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களாகவே கருதி வழக்கு நடத்தி அங்கே அடைத்தார்கள். 2012 ஆகஸ்டில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் ஒரு திட்டத்தை அறிவித்தார்: 16 முதல் 18 வயது வரையிலான சிறைவாசிகளுக்கு, முடிவெடுப்பதற்கு முன் நிதானிக்கக் கற்றுக்கொடுக்கும் நடத்தைப் பயிற்சி. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 96 லட்சம் டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. சிறைக்குத் திரும்பி வந்து கழிக்கும் நாட்கள் 10 சதவீதம் குறைந்தால் வங்கிக்கு முதல் திரும்பும். 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் 21 லட்சம் டாலர் வரை லாபம்.

2015 ஜூலையில் வேரா நீதி ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டு, பயிற்சியால் எந்த மாற்றமும் இல்லை என்று சொன்னது. அடுத்த மாதமே திட்டம் மூடப்பட்டது. ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இடமே பாதிப் பதில். ரைக்கர்ஸில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தால் இன்று மாலையே போய்விடுவார்கள். கிடைக்காவிட்டால் மாதங்கள் ஆகும். பாடம் நான்கில் இருக்கும் பையன் நாளை வகுப்புக்கு வருவானா என்று சொல்ல முடியாது. வளாகத்தில் சண்டை மூண்டு எல்லாரையும் அறையில் பூட்டினால் அன்றைக்கு வகுப்பே கிடையாது. பீட்டர்பரோவில் வேலை நடந்தது கதவுக்கு வெளியே. இங்கே பயிற்சி நடந்தது உள்ளே. வெளியே பையனுக்காகக் காத்திருந்தது அவன் விட்டுவிட்டு வந்த அதே தெரு.

நகரத்துக்கு ஒரு டாலர் செலவில்லை, தோல்வியின் விலையை முதலீட்டாளரே ஏற்றார், ஏற்பாடு சொன்னபடி வேலை செய்தது என்று ஆதரவாளர்கள் பெருமைப்பட்டார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் விலையைக் கொடுத்தது யார் என்று பார்க்கும்போது சுவாரசியம் கூடுகிறது. வங்கியின் கடனில் 72 லட்சம் டாலர் வரை புளூம்பெர்க் அறக்கட்டளை உத்தரவாதம் கொடுத்திருந்தது. மேயராகத் திட்டத்தை அறிவித்தவரும், அறக்கட்டளையின் பணப்பெட்டிக்கு உரியவரும் ஒரே ஆள். கணக்கு முடிந்தபோது அறக்கட்டளை கொடுத்தது 60 லட்சம். வால் ஸ்ட்ரீட் வங்கியின் கையைக் கடித்தது 12 லட்சம் மட்டும்.

பீட்டர்பரோவிலும் முதலீட்டாளர் பட்டியலைப் படித்தால் எஸ்மே ஃபேர்பெர்ன், பால் ஹாம்லின், பாரோ காட்பரி, ராக்கஃபெல்லர் என்று வருபவை பெரும்பாலும் அறக்கட்டளைகள். எப்படியும் நல்ல காரியத்துக்குக் கொடுக்க வைத்திருந்த பணம். திரும்பி வந்தால் சந்தோஷம், வராவிட்டால் நன்கொடை என்று எழுதிக்கொள்ளலாம். ஓய்வூதிய நிதியும் காப்பீட்டு நிறுவனமும் குற்றத் தடுப்புக்குள் கோடிகளைக் கொண்டுவந்து கொட்டும் என்று 2010-ல் பேசப்பட்டது நடக்கவில்லை. நடக்காததில் ஆச்சரியமும் இல்லை. லாபத்துக்கு உச்சவரம்பு, நஷ்டம் வந்தால் முதல் முழுவதும் போகும், ஆளுக்கு ஆள் புது ஒப்பந்தம், அதை எழுத வழக்கறிஞருக்கே ஆண்டுக்கணக்கில் வேலை. வெறும் லாபம் தேடுகிறவன் இந்தப் பக்கம் ஏன் வர வேண்டும்?

மாசசூசெட்ஸ் மாநிலம் 2014-ல் செய்த ஒப்பந்தம் இந்த அனுபவத்தை முன்கூட்டியே பார்த்துக் கட்டியது போல இருக்கிறது. செல்சி நகரில் 1988-ல் மாலி பால்ட்வின் தொடங்கிய ‘ரோகா’ என்ற அமைப்பு, மறுபடி சிறைக்குப் போகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள 17 முதல் 23 வயது வரையிலான 900-க்கும் மேற்பட்ட இளைஞர்களோடு வேலை செய்ய வேண்டும். பையன் கதவைத் திறக்காவிட்டால் திறக்கிறவரை போய்த் தட்டுவதுதான் ரோகாவின் முறை. இடையில் சறுக்குவான் என்பதையும் முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு நான்கு ஆண்டுகள் ஒதுக்குகிறார்கள். பணத்தை அடுக்கடுக்காக வைத்தார்கள். வங்கியின் கடன் முதல் அடுக்கு, அறக்கட்டளைகளின் கடன் அதற்குக் கீழே, அதற்கும் கீழே நன்கொடை. நஷ்டம் வந்தால் கீழிருந்து மேலாகத் தின்னும். ரோகாவும் தன் கட்டணத்தில் 15 சதவீதத்தைப் பலன் தெரிகிறவரை வாங்காமல் நிறுத்திவைத்தது. வேலை செய்கிறவனுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்ற ஏற்பாடு. கேட்க நியாயமாக இருந்தாலும், மாதச் சம்பளம் போட வேண்டிய சின்னத் தொண்டு நிறுவனங்களுக்கு இது எட்டாத பந்தயம். ரோகா போலப் பழுத்த அமைப்பு ஊருக்கு ஊர் கிடையாது.

மிச்சம் எங்கே?

இத்தனை ஒப்பந்தங்களுக்கும் அடியில் இருக்கும் வாக்குறுதி ஒன்றுதான்: தடுத்ததால் அரசுக்கு மிச்சமாகும் பணத்திலிருந்து முதலீட்டாளருக்குக் கொடுக்கலாம். இந்த மிச்சத்தைக் கையில் பிடிக்கப் போனால் அது நழுவுகிறது. 2010-ல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 85,000 பேர். பீட்டர்பரோவில் இரண்டு அணிகளின் மறுதண்டனைகள் 9 சதவீதம் குறைந்ததால், எந்தச் சிறையிலும் ஒரு பிளாக்கை மூடவில்லை, ஒரு காவலரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. காலியான படுக்கையில் அடுத்த கைதி வந்து படுத்தார். போலீஸ் நிலையத்தின் மின்கட்டணமும் நீதிபதியின் சம்பளமும் அப்படியே. கடையில் திருட்டு போகாததால் கடைக்காரருக்கு மிச்சம், அடி வாங்காதவருக்கு உடம்பு மிச்சம். அவை உண்மையான மிச்சங்கள், ஆனால் கருவூலத்துக்கு வருபவை அல்ல. ஆகவே முதலீட்டாளருக்குக் கொடுத்த பணம், மிச்சத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்று சொல்வது கணக்கு ஏட்டில் மட்டும் சரி. நடைமுறையில் அது, நல்ல வேலைக்கு அரசு கொஞ்சம் தாமதமாகவும் கொஞ்சம் வட்டியோடும் கொடுத்த கூலி.

அப்படியானால் அரசே நேரடியாகக் கொடுத்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. பணத்தைப் பொறுத்தவரை கொடுக்கலாம். அரசு கடன் வாங்கும் வட்டி எந்த முதலீட்டாளர் கேட்பதைவிடவும் குறைவு. பத்திரம் கொண்டுவந்தவை வேறு. வழக்கமான மானியத் திட்டங்களில் ஒப்பீட்டுக் குழு வைத்து எண்ணுவதும் அரிது, பலனில்லை என்று தெரிந்ததும் மூடுவதும் அரிது. ரைக்கர்ஸ் திட்டம் மூன்று ஆண்டில் மூடப்பட்டது. பலனில்லாத அரசுப் பயிற்சித் திட்டம் ஒன்று, அமைச்சர் மாறினாலும் பெயர் மாறி முப்பது ஆண்டு ஓடக்கூடியது. பீட்டர்பரோவிலும் பணம் போட்டவர் கேட்கிறார் என்பதால்தான் எல்லாரும் எண்ணினார்கள். எண்ணியதால்தான் எது குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

விடுதலை உதவித்தொகை 2021-ல் 46 பவுண்டிலிருந்து 76 பவுண்டாக உயர்ந்தது. வெள்ளிக்கிழமையோ விடுமுறைக்கு முந்தின நாளோ வெளியே வர வேண்டியவரை இரண்டு வேலைநாள் வரை முன்னதாகவே அனுப்பலாம் என்று 2023-ல் ஒரு சட்டம் வந்தது. தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா அது. இரண்டிலும் முதலீட்டாளர் யாரும் இல்லை.